டிஷ்ஷைத் திருப்பாதீங்க, முதல்ல ஒயரைப் பாருங்க: கடலூர், பாண்டி வீடுகளுக்கு

டிவில படம் கட்டம் கட்டமா உடைஞ்சு "சிக்னல் இல்லை"ன்னு வந்துட்டா நம்ம ஊர்ல அடுத்து என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். வீட்ல ஒருத்தர் லுங்கிய மடிச்சுக் கட்டிகிட்டு மொட்டை மாடிக்குப் போவாரு, டிஷ்ஷை ரெண்டு தட்டு தட்டுவாரு, அப்புறம் மேல இருந்து "வருதா?"ன்னு ஒரு கத்து, கீழ இருந்து "இல்ல"ன்னு ஒரு கத்து, அரை மணி நேரத்துல அதுவரைக்கும் ஒழுங்கா வந்துகிட்டிருந்த நாலு சேனலும் சேர்ந்து போயிடும்.

நானும் அதே ஆளுதான். 2020 நவம்பர்ல நிவர் புயல் கரையைக் கடந்த மறுநாள், கரன்ட் வந்ததும் டிவியப் போட்டா ஒண்ணும் வரல, காத்துல டிஷ் திரும்பியிருக்கும்னு நானே முடிவு பண்ணி நாலு மணி நேரம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு திருப்பிகிட்டிருந்தேன். அப்புறம் வந்த மெக்கானிக் அண்ணன் டிஷ்ஷைத் தொடவே இல்ல, டிஷ்ஷோட கை முனையில சிக்னலை வாங்கற மூக்கு இருக்கே, எல்என்பி, அது பின்னாடி இருக்கிற ஒயர் பின்னைக் கழட்டினாரு, உள்ள இருந்து பச்சையா ரெண்டு சொட்டுத் தண்ணி விழுந்துச்சு, ரெண்டு இஞ்ச் ஒயரை வெட்டிப் போட்டுட்டு புது பின் மாட்டினாரு, வேலை அஞ்சே நிமிஷம். ஆனா நான் திருப்பி வச்சிருந்த டிஷ்ஷைப் பழைய இடத்துக்குக் கொண்டு வர அவருக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. "ஒயருக்குத் தனி காசு தம்பி, உங்க கைவண்ணத்துக்குத் தனி காசு"ன்னு ரெண்டா பிரிச்சு வாங்கிட்டுப் போனாரு.

அன்னைக்குக் கத்துகிட்டதும் அப்புறம் சொந்தக்காரங்க வீடு, அக்கம்பக்கத்து வீடுன்னு ஏறிப் பார்த்ததும்தான் இது. நம்மளது கடலோர ஊரு. தேவனாம்பட்டினம், கடலூர் ஓ.டி., அரியாங்குப்பம், முத்தியால்பேட்டைன்னு கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடுகள்ல உப்புக் காத்து முதல்ல தின்கிறது ஒயர் முனையைத்தான். டிஷ் தானா திரும்பறது எப்பவாவது நடக்கற விஷயம், பின் துருப்பிடிக்கிறது வருஷா வருஷம் நடக்கற விஷயம். அதனால கீழ இருந்து மேல போங்க: டிவி, பாக்ஸ், ஒயர், எல்என்பி, கடைசியாத்தான் டிஷ்.

முதல்ல சோஃபால உட்கார்ந்தே பார்க்க வேண்டியது

டிவியே "நோ சிக்னல்"னு காட்டுதா, இல்ல பாக்ஸோட மெனு எல்லாம் நல்லா தெரிஞ்சு சேனல் மட்டும் வரலையான்னு பாருங்க. ரெண்டும் வேற வேற. மெனுவே வரலைன்னா அது எச்டிஎம்ஐ ஒயரோ, குழந்தைங்க ரிமோட்ல சோர்ஸை மாத்தி வச்சதோ, பாக்ஸ் அடாப்டரோதான், அதுக்கு மாடி ஏற வேண்டியதே இல்ல. பேக் முடிஞ்சு போச்சுன்னாலும் பாக்ஸ் தெளிவா பணம் கட்டச் சொல்லி எழுதும், அந்த எழுத்தைக் கூடப் படிக்காம டிஷ்ஷைத் திருப்பின ஆளை எனக்குத் தெரியும், அவரு என் சொந்தச் சித்தப்பாங்கறதால மேல சொல்லல.

மெனு வருது, சேனல் வரலைன்னா பாக்ஸ் செட்டிங்ஸ்ல சிக்னல்னு ஒரு பக்கம் இருக்கும், அதைத் திறங்க. ரெண்டு கோடு இருக்கும், ஒண்ணு ஸ்ட்ரென்த், இன்னொண்ணு குவாலிட்டி. புதுசா பார்க்கறவங்க ஸ்ட்ரென்த் 80 இருக்கேன்னு சந்தோஷப்படுவாங்க, அதை நம்பாதீங்க. ஸ்ட்ரென்த்ங்கறது ஒயர் வழியா ஏதோ ஒண்ணு பாக்ஸுக்கு வருதுங்கறது மட்டும்தான், அது வெறும் இரைச்சலாக் கூட இருக்கலாம். நம்ம சேட்டிலைட்டோட டேட்டா ஒழுங்கா புரியுதான்னு சொல்றது குவாலிட்டிதான். சந்தையில நிக்கறப்ப காது நிறைய சத்தம் கேக்கும், ஆனா பக்கத்துல இருக்கிறவர் என்ன சொல்றாருன்னு புரியாதுல்ல, ஸ்ட்ரென்த் இருந்து குவாலிட்டி இல்லாதது அந்த மாதிரி.

இதை வச்சு ஓரளவு கண்டுபிடிச்சிடலாம். ரெண்டுமே பூஜ்யம்னா ஒயர் எங்கயோ அறுந்திருக்கு, இல்ல ஷார்ட், இல்ல எல்என்பி செத்துடுச்சு. ஸ்ட்ரென்த் இருக்கு, குவாலிட்டி சுத்தமா இல்லைன்னா டிஷ் வேற எங்கயோ பார்க்குது, இல்ல நடுவுல ஏதோ மறைக்குது. ரெண்டும் இருக்கு ஆனா குவாலிட்டி ஆடிகிட்டே இருக்குன்னா பின் லூசா இருக்கும், எல்என்பி மூடி விரிசல் விட்டிருக்கும், இல்ல கம்பம் ஆடும்.

இன்னொரு கேஸ் இருக்கு, பாதி சேனல் வரும், பாதி வராது. இது பல பேரைக் குழப்பற கேஸு. பாக்ஸ்தான் அந்த ஒயர் வழியாவே எல்என்பிக்குக் கரன்ட் அனுப்புது, 13 வோல்ட் அனுப்பினா ஒரு வகை சேனலு, 18 வோல்ட் அனுப்பினா இன்னொரு வகை, அதாவது சேட்டிலைட்ல இருந்து செங்குத்தா வர்ற அலை ஒரு கூட்டம், படுக்கையா வர்ற அலை ஒரு கூட்டம், எது வேணும்னு எல்என்பிக்குச் சொல்றது இந்த வோல்டேஜ்தான். அடாப்டர் பழசாகி பலம் இல்லாம போனாலோ, பின்ல உப்பு பூத்து வோல்டேஜ் வழியிலயே குறைஞ்சாலோ 18 அங்க போய்ச் சேர்றப்ப குறைஞ்சு போயிடும், எல்என்பி அதை 13ன்னு நினைச்சுக்கும், ஒரு கூட்டம் சேனல் மொத்தமா போயிடும். பாதி சேனல் போனா டிஷ்ஷைத் தொடவே தொடாதீங்க, அடாப்டரையும் பின்னையும் பாருங்க.

இப்ப ஒயர்

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமா படிங்க. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாக்ஸோட சுவிட்சை ஆஃப் பண்ணிடுங்க, ரிமோட்ல இல்ல, சுவத்துல. ஒயர்ல கரன்ட் இருக்குன்னு இப்பத்தான் சொன்னேன், ஷாக் அடிக்கற அளவு இல்ல, ஆனா ஒயரோட நடுக் கம்பியும் அதைச் சுத்தி இருக்கிற மேல் வலையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டா பாக்ஸ் போயிடலாம்.

பாக்ஸ் பின்னாடி இருக்கிற பின்னைக் கையாலயே திருகிக் கழட்டுங்க. நடுவுல ஒரு செம்புக் கலர் கம்பி நீட்டிகிட்டிருக்கும். அது பளிச்சுன்னு இருந்தா நல்லது, கறுப்பா, பச்சையா இருந்தா பிளேடால லேசா சுரண்டுங்க. அப்புறம் மாடில எல்என்பி பக்கத்து முனை, அங்கதான் எப்பவும் கோளாறு. அந்தப் பின்னைக் கழட்டினா வெள்ளையா மாவு மாதிரி பூத்திருந்தாலோ, பச்சைத் தண்ணி வந்தாலோ சுரண்டறதுல பிரயோஜனம் இல்ல, வெட்டிடணும். மேல் வலை கறுத்துப் போயிருந்தா தண்ணி ஒயருக்குள்ளயே இறங்கியிருக்குன்னு அர்த்தம், வலை வெள்ளியா தெரியற வரைக்கும் துண்டு துண்டா வெட்டிகிட்டே வாங்க. ஒரு தடவை தேவனாம்பட்டினத்துல அத்தை வீட்டு ஒயரை நாலு அடி வெட்டியும் கறுப்பு போகல, மொத்தமா புது ஒயர் இழுத்துட்டோம்.

பின் மாட்டற விதம். மேல் ரப்பரை ஒன்றரை சென்டிமீட்டர் உரிங்க. உள்ள இருக்கிற மெல்லிசு வலை நூலை எல்லாம் பின்னாடி மடிச்சு ரப்பர் மேல படிய விடுங்க. அடுத்து உள்ள இருக்கிற வெள்ளை பிளாஸ்டிக்கை ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா உரிங்க, நடுக் கம்பில பிளேடு கீறல் விழக் கூடாது, கீறல் விழுந்த இடத்துல அது ஒரு நாள் உடையும். பின்னை அழுத்தித் திருகி ஏத்துங்க, பின்னோட விளிம்பைத் தாண்டி நடுக் கம்பி ரெண்டு மூணு மில்லிமீட்டர் மட்டும் வெளிய தெரியணும். இப்ப வெளிச்சத்துல பிடிச்சு உள்ள எட்டிப் பாருங்க, வலைல இருந்து தலைமுடி மாதிரி ஒரே ஒரு இழை நடுக் கம்பியத் தொட்டுகிட்டிருந்தாலும் மொத்தமும் ஷார்ட், சிக்னல் பூஜ்யம். நான் முதல் தடவை மாட்டினப்ப இப்படித்தான் ஆச்சு, கண்ணாடி போட்டுகிட்டு பார்த்த அப்புறம்தான் அந்த இழை தெரிஞ்சது.

கடையில ரெண்டு வகை பின் தருவாங்க, கையால திருகறது ஒண்ணு, கருவி வச்சு அழுத்தறது ஒண்ணு. மாடில வெயில்லயும் மழையிலயும் கிடக்கப் போற முனைக்கு அழுத்தற வகைதான் நல்லது, கருவி இல்லைன்னா அந்த ஒரு பின்னை மட்டும் கடைக்காரர் கிட்டயே அழுத்தி வாங்கிக்கலாம், ஒயர் நீளமா இருந்தா சுத்தி எடுத்துகிட்டுப் போங்க. மாட்டின அப்புறம் திருகு மேல லேசா வாசலின் தடவி, ரப்பர் மூடி இருந்தா அதைப் போட்டு, மேல இன்சுலேஷன் டேப்பைக் கீழ இருந்து மேல சுத்துங்க, அப்பத்தான் ஓடு வேயற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு தண்ணி வழிஞ்சு போகும். ஒயரை எல்என்பில இருந்து நேரா இழுத்துக் கட்டாம ஒரு தொங்கல் விடுங்க, மழைத்தண்ணி அந்தத் தொங்கலோட அடில சொட்டிப் போயிடும், பின்னுக்குள்ள போகாது.

நடுவுல ஜாயின்ட் இருக்கான்னு ஒயரைக் கையால தடவிகிட்டே கீழ வரைக்கும் வாங்க. ரெண்டு ஒயரையும் உரிச்சு முறுக்கி டேப் சுத்தியிருந்தா, அது மின்சார ஒயருக்குச் சரி, இதுக்குச் சரி இல்ல. எல்என்பில இருந்து கீழ வர்ற சிக்னல் 950ல இருந்து 2150 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், முறுக்கின இடத்துலயே பாதி காணாம போயிடும். ஆர்ஜி6 ஒயர்தான் வேணும், பழைய கேபிள் டிவி காலத்து மெல்லிசு ஒயர் வேண்டாம். அதே மாதிரி கேபிள் டிவி ஸ்பிளிட்டரைப் போட்டு ஒரு டிஷ்ல ரெண்டு பாக்ஸ் மாட்ட நினைக்காதீங்க, பெரும்பாலான அந்த மாதிரி ஸ்பிளிட்டர் 1000 மெகாஹெர்ட்ஸோட நின்னுடும், ரெண்டு டிவிக்கு ரெண்டு வாய் இருக்கிற எல்என்பிதான் வழி. அணில் கடிச்ச இடம், ஜன்னல் கதவு நசுக்கின இடம், இதையும் பாருங்க. நசுங்கின இடம் வெளிய பார்க்க நல்லாத்தான் இருக்கும்.

எல்என்பியும் அது முன்னாடி இருக்கிற மூடியும்

டிஷ்ஷோட கை முனையில இருக்கிற அந்த மூக்குதான் எல்என்பி. அது முன்னாடி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், நம்ம ஊரு வெயில்ல மூணு நாலு வருஷத்துல அது பொரிஞ்சு விரிசல் விடும். அடையாளம் என்னன்னா, காலையில பனி நேரத்துல சிக்னல் மோசமா இருக்கும், பத்து மணி வெயிலுக்கு அப்புறம் தானா சரியாகும். உள்ள போன ஈரம் காயறதுதான் காரணம். இதுக்கு எம்சீல் போடறது, பாலிதீன் பை கட்டறது எல்லாம் ஒரு மழைக்குத் தாங்கும், எல்என்பியவே மாத்திடறது நல்லது, பெரிய விலை இல்ல. குளவி கூடு கட்டியிருந்தா சாயங்காலம் கழிச்சு, கையில துணி சுத்திகிட்டு பாருங்க.

எல்என்பியக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை: அது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ஞ்சிருக்குன்னு மார்க்கர்ல பிடிப்பு மேலயும் எல்என்பி மேலயும் சேர்த்து ஒரு கோடு போடுங்க, செல்லுல ஒரு போட்டோவும் எடுத்துக்குங்க. அது நேரா நிக்காது, வேணும்னே திருகித்தான் வச்சிருப்பாங்க, நம்ம ஊரு பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கறதால சேட்டிலைட்டோட அலை நமக்கு நல்லா சாய்ஞ்சுதான் வந்து விழும். "கோணலா இருக்கே"ன்னு நேரா நிமித்தி வச்சவங்க சிக்னலைக் கெடுத்துகிட்டு உட்கார்ந்திருக்காங்க.

டிஷ்ஷைத் தொடறதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம்

டிஷ்ஷோட ஓரத்தைப் பிடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க. கம்பம் ஆடுதுன்னா பிரச்சினை அங்கதான், போல்ட்டை இறுக்கினா முடிஞ்சது. 60 சென்டிமீட்டர் டிஷ்ல கீழ் ஓரம் அசையாம மேல் ஓரம் மட்டும் ஒரு சென்டிமீட்டர் அசைஞ்சா அது ஏறக்குறைய ஒரு டிகிரி, சேட்டிலைட் இருக்கறது பூமியோட நடுக் கோட்டுக்கு மேல 35,786 கிலோமீட்டர் உயரத்துல, அவ்வளவு தூரம் போறப்ப ஒரு டிகிரி தப்பு 600 கிலோமீட்டருக்கு மேல தள்ளிப் போயிடும். ஒன்றரை டிகிரி தப்பினாலே பாதி பலம் போச்சு.

இதுக்கு எங்க அத்தை வீட்டுக் கதைய சொல்லணும். "தம்பி, ஞாயித்துக்கிழமை மட்டும் டிவி போயிடுதுடா, யாரோ கண்ணு வச்சிருக்காங்க"ன்னு போன் பண்ணாங்க. நானும் போய் பின், ஒயர், எல்என்பி எல்லாம் பார்த்துட்டேன், ஒண்ணும் இல்ல, குவாலிட்டி நல்லா இருக்கு. "அத்தை, எல்லாம் சரியாத்தான் இருக்கு, அடுத்த ஞாயிறு வரேன்"னு சொல்லிட்டு அதே மாதிரி ஞாயிறு மாடி ஏறினா, துணி காயப் போடற கொடியோட ஒரு முனை டிஷ் கம்பத்துல கட்டியிருக்கு, அதுல ரெண்டு ஈரப் போர்வை, நாலு புடவை தொங்குது. ஈரத்துணி கனத்துல கம்பம் வளைஞ்சு டிஷ் குனிஞ்சு நிக்குது, துணி காய்ஞ்சதும் நிமிர்ந்துக்குது. கொடிய அவுத்து கைப்பிடிச்சுவர் கொக்கில கட்டினேன். அத்தை அதுக்கு முன்னாடியே டிவிக்குத் திருஷ்டி சுத்திப் போட்டுட்டாங்க, இப்ப வரைக்கும் அதனாலதான் சரியாச்சுன்னு சொல்லிகிட்டிருக்காங்க.

அடுத்தது மறைப்பு. நம்ம ஊர்ல மறைப்புன்னா தென்னைதான், தானே புயல் 2011 டிசம்பர் 30ல எத்தனையோ மரத்தைச் சாய்ச்சுட்டுப் போச்சு, அதுக்கு அப்புறம் வச்ச கன்னு எல்லாம் இப்ப நல்லா வளர்ந்து மாடியத் தாண்டி நிக்குது. அஞ்சு வருஷம் நல்லா வந்த சிக்னல் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சா, காத்தடிக்கறப்ப மட்டும் படம் உடைஞ்சா, மட்டை குறுக்க வருதுன்னு அர்த்தம். மரம் உண்மையிலயே மறைக்குதான்னு பார்க்க காசு செலவில்லாத ஒரு வழி இருக்கு. மார்ச் 15ஐ ஒட்டியும் செப்டம்பர் 28ஐ ஒட்டியும் சில நாள் சூரியன் சரியா சேட்டிலைட்டுக்குப் பின்னாடி வந்து நிக்கும். அந்த நேரத்துல மர நிழல் டிஷ் மேல விழுந்தா, அந்த மரம்தான் மறைக்குது, நிழல் விழலைன்னா மரத்து மேல பழி போடாதீங்க. ஒவ்வொரு கம்பெனி சேட்டிலைட்டையும் அது நிக்கற கிழக்கு தீர்க்கரேகையை வச்சு இத்தனை டிகிரின்னு சொல்வாங்க. டிடி ஃப்ரீ டிஷ் வர்ற 93.5 டிகிரிக்கு நம்ம ஊர்ல அந்த நேரம் மார்ச்ல 11.15 போல, செப்டம்பர்ல 11 மணி போல. டாடா ப்ளேயோட 83 டிகிரிக்கு மார்ச்ல 12.05, செப்டம்பர்ல 11.45. ஏர்டெலோட 108.2 டிகிரிக்குக் காலைல 10 மணிய ஒட்டி.

அந்த நாட்கள்ல அதே நேரத்துல தினமும் சில நிமிஷம் படம் போய்ப் போய் வந்தா பயப்படாதீங்க, சூரியனோட இரைச்சல் சேட்டிலைட் சிக்னலை அமுக்கறதுதான் அது, எல்லார் வீட்லயும் போகும், தானா வந்துடும்.

மழையும் அப்படித்தான். சிக்னலோட அலை நீளம் ரெண்டரை சென்டிமீட்டர்தான், ஐப்பசி கார்த்திகையில கடல் பக்கமா இருந்து கறுத்துகிட்டு வந்து கொட்டற பெருமழைல பெரிய துளிங்க அதைச் சாப்பிட்டுடும், கால் மணி நேரம் பொறுங்க. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் ராத்திரி மாதிரி கொட்டினா எந்த டிஷ்ஷும் நிக்காது. ஆனா சாதாரண தூறலுக்கே போகுதுன்னா அது மழையோட தப்பு இல்ல, உங்க சிக்னல் ஏற்கனவே விளிம்புல நிக்குதுன்னு அர்த்தம், வெயில் நாள்ல பார்த்து சரி பண்ணணும்.

எல்லாம் பார்த்தும் வரலைன்னா, இப்ப டிஷ்

மழை, இடி இருந்தா ஏறாதீங்க. மாடி ஓரமா ஈபி லைன் போகுதுன்னா, கம்பத்தையோ இரும்பு ஏணியையோ தூக்கறதுக்கு முன்னாடி அந்த லைனை ஒரு தடவை பாருங்க. ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுன்னா நீங்க ஏறவே வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்க.

மார்க்கர் எடுத்து கம்பத்துலயும் பிடிப்புலயும் சேர்த்து, இப்ப இருக்கிற இடத்தைக் காட்ட ஒரு கோடு போடுங்க, மேல்கீழ் சாய்ற இடத்துலயும் ஒரு கோடு. இந்தக் கோடு இருந்தா எவ்வளவு குழப்பினாலும் ஆரம்பிச்ச இடத்துக்குத் திரும்பி வரலாம், நான் அன்னைக்கு நாலு மணி நேரம் அழுதது இந்த ரெண்டு கோடு இல்லாமத்தான். அப்புறம் கம்பம் நேரா நிக்குதான்னு தூக்குகுண்டோ ரசமட்டமோ வச்சுப் பாருங்க, நூல்ல ஒரு நட்டைக் கட்டித் தொங்க விட்டாலும் போதும். கம்பம் சாய்ஞ்சிருந்தா டிஷ்ஷைப் பக்கவாட்டுல திருப்பறப்ப உயரமும் சேர்ந்து மாறிகிட்டே போகும், பிடிக்கவே முடியாது.

திசை எது? இதுக்கு வாஸ்து தெரிஞ்சவங்களுக்கு சுலபம். 93.5 டிகிரி நம்ம ஊர்ல ஏறக்குறைய அக்னி மூலை, வடக்குல இருந்து வலமா 130 டிகிரி. டாடா ப்ளேயோட 83 தெற்குலேருந்து கொஞ்சம் கிழக்க ஒதுங்கி, 165 டிகிரி. டி2எச்சோட 88 ரெண்டுக்கும் நடுவுல, 145. ஏர்டெலோட 108.2 கடலைப் பார்த்து நின்னு கொஞ்சம் வலது கைப் பக்கம் திரும்பின மாதிரி, 111. கடலூருக்கும் பாண்டிக்கும் இதுல பெரிய வித்தியாசம் இல்ல. செல்லுல இருக்கிற காம்பஸ் போதும், தண்ணி டேங்க் இரும்புக் கம்பி, காந்தம் வச்ச செல் கவர், இது பக்கத்துல வச்சா பொய் சொல்லும். அதை விட சுலபம், பக்கத்து வீட்டு மாடில அதே கம்பெனி டிஷ் இருந்தா எட்டிப் பார்த்து அதே மாதிரி வைக்கறது.

உயரம்தான் புதுசா பண்றவங்க ஏமாற இடம். வீடியோல வடநாட்டுக்காரங்க டிஷ்ஷை நல்லா நிமித்தி வச்சிருப்பாங்க, அதைப் பார்த்து இங்க வச்சா ஒண்ணும் வராது. டெல்லில 93.5 சேட்டிலைட் 52 டிகிரி உயரத்துலதான் தெரியும், நம்ம கடலூர்ல அது 69 டிகிரி, கிட்டத்தட்ட தலைக்கு மேல. 83 இன்னும் மேல, 76 டிகிரி. ஏர்டெல் மட்டும் 54ல கீழ இருக்கு, அதனாலதான் கிழக்குப் பக்கம் தென்னை இருக்கிற வீட்ல அந்த டிஷ்ஷுக்குத் தொல்லை ஜாஸ்தி. ஆனா டிஷ்ஷோட முகம் அவ்வளவு மேல பார்க்காது, ஏன்னா எல்என்பி நடுவுல இல்லாம கீழ தள்ளி இருக்கிற டிஷ் இது, முகத்தை விட இருபத்து சொச்சம் டிகிரி மேல பார்க்கும். அதனால 93.5க்கு முகம் தரைக்கு ஏறக்குறைய 45 டிகிரில, ஈஸி சேர்ல சாய்ஞ்ச மாதிரி இருக்கும், 83க்கு இன்னும் படுத்திருக்கும். பிடிப்புல எண் போட்டிருந்தா பெரும்பாலும் இந்தக் கணக்கைச் சேர்த்துத்தான் போட்டிருப்பாங்க, 93.5ன்னா நேரா 69ன்னே வச்சு ஆரம்பிங்க.

இப்பத் திருப்பறது. கீழ ஒருத்தர் சிக்னல் பக்கத்தைத் திறந்து வச்சுகிட்டு செல்லுல வீடியோ கால்ல டிவிய அப்படியே உங்களுக்குக் காட்டட்டும், கத்திகிட்டு இருக்க வேண்டாம். போல்ட்டை டிஷ் தானா விழாத அளவு மட்டும் லூஸ் பண்ணுங்க. உயரத்தை ஒரு இடத்துல வச்சுட்டு பக்கவாட்டுல மெதுவா, விரல் கனம் திருப்பி அஞ்சு செகண்ட் நிறுத்துங்க, பாக்ஸுக்குப் புரிஞ்சு குவாலிட்டி காட்ட நேரம் வேணும், இந்த அஞ்சு செகண்ட் பொறுமை இல்லாமத்தான் எல்லாரும் சேட்டிலைட்டைத் தாண்டிப் போயிடறாங்க. வரலைன்னா உயரத்தை ஒரு டிகிரி மாத்திட்டு திரும்ப அதே மாதிரி. குவாலிட்டி கோடு எழுந்ததும், அந்தப் பக்கம் எங்க விழுது, இந்தப் பக்கம் எங்க விழுதுன்னு ரெண்டு ஓரத்தையும் பார்த்து நட்ட நடுவுல நிறுத்துங்க. உயரத்துக்கும் அதே மாதிரி. கடைசியா எல்என்பியக் கொஞ்சம் கொஞ்சமா திருகி குவாலிட்டி எங்க அதிகமோ அங்க விடுங்க.

ஒரு எச்சரிக்கை, குவாலிட்டி நல்லா வந்தும் உங்க சேனல் ஒண்ணு கூட வரலைன்னா நீங்க பக்கத்து சேட்டிலைட்டைப் பிடிச்சிருக்கலாம், 91.5, 93.5, 95ன்னு ரெண்டு டிகிரி, ஒன்றரை டிகிரி இடைவெளியில வரிசையா நிக்குது. ஃப்ரீ டிஷ்காரங்க டிடி தமிழ் வருதான்னு பாருங்க, அதாவது பழைய பொதிகை, வந்தா சரியான இடம்.

போல்ட்டை இறுக்கறப்ப ஒரே பக்கமா முழுசா இறுக்காதீங்க, டிஷ் இழுத்துகிட்டுப் போயிடும், இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்னு மாத்தி மாத்தி, கண்ணு குவாலிட்டி மேலயே இருக்கட்டும். இறுக்கி முடிச்சதும் நட்டு மேல கொஞ்சம் கிரீஸ், அடுத்த வருஷம் உப்புல இறுகிப் போய் ஸ்பேனர் வழுக்கறது மிச்சம். டிஷ் முகத்துல இருக்கிற காக்கா எச்சம், சருகு எல்லாம் ஈரத்துணியால துடைச்சிடுங்க, நம்ம ஊர்ல டிஷ் சாய்ஞ்சு கிடக்கறதால எல்லாம் அதுலதான் வந்து விழும். தேய்ச்சு அழுத்தாதீங்க, ஒடுக்கு விழுந்தா அது வேற பிரச்சினை.

பழைய கோட்டை அழிச்சுட்டு புது இடத்துல கோடு போட்டுக்குங்க. வானம் தெளிவா இருக்கிற ஒரு நாள் ரெண்டு மூணு சேனலோட குவாலிட்டிய எங்கயாவது குறிச்சு வைங்க, அடுத்த தடவை எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு தெரியும். எங்க வீட்ல அது டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி சுவத்துல பென்சில்ல இருக்கு, தேதியோட, போன பொங்கலுக்கு வெள்ளையடிச்சப்ப கூட அந்த இடத்தை மட்டும் விட்டுட்டுத்தான் அடிச்சோம்.